காண்ட்ராக்ட் நோட்டில் வராத செலவு

1994 நவம்பர் 3ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தையில் பங்கு வணிகம் தொடங்கியது. அதுவரை தலால் தெருக் கூடத்தில், தன் கணக்கில் வாங்கி விற்கும் ஜாபர் கூவிய விலைதான் விலை. அந்த விலைக்கும் மாட்டுங்காவில் இருந்த முதலீட்டாளரிடம் தரகர் சொன்ன விலைக்கும் இடையில் எவ்வளவு நின்றது என்று அறிய அவருக்கு வழி இருக்கவில்லை. புதிய சந்தை கூடத்தையே இல்லாமல் ஆக்கியது. யார் என்று தெரியாமலே எல்லா ஆர்டரும் ஒரே கணினிப் புத்தகத்தில் வரிசையாக நின்றன. நல்ல விலைக்கு முதலிடம், அதே விலையில் முந்தி வந்தவருக்கு முன்னுரிமை. மறு ஆண்டு மார்ச்சில் பம்பாய்ப் பங்குச் சந்தையும் போல்ட் என்ற கணினித் திரைக்கு மாறியது. ஆனாலும் 1995 அக்டோபருக்குள் வர்த்தக அளவில் புதிய சந்தை அதை முந்திவிட்டது.

பிறகு டீமேட் வந்தது, 2001இல் பட்டுவாடாவைத் தள்ளிப்போடும் பத்லா முறை ஒழிந்தது, 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குக்கும் மறுநாளே பட்டுவாடா. டெலிவரிக்குத் தரகே வாங்காத நிறுவனங்களும் வந்துவிட்டன.

அதனால் செலவு தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளர் நம்புகிறார். தரகர்களான நாமும் அவரை அப்படியே நம்ப விடுகிறோம். அதிகம் கைமாறாத ஒரு சிறு நிறுவனப் பங்கை எடுத்துக்கொள்வோம். வாங்குவோர் விலை 99 ரூபாய், விற்போர் விலை 101, நடுவிலை 100. வாடிக்கையாளர் 1,000 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். 101இல் 300, 101.50இல் 300, 102இல் 400 என்று அவருக்குக் கிடைக்கின்றன. சராசரி 101.55. நடுவிலையை விட 1,550 ரூபாய் அதிகமாகக் கொடுத்திருக்கிறார். காண்ட்ராக்ட் நோட்டில் அச்சாகும் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி சுமார் 102 ரூபாய்தான். அதைப் பார்த்து அவர் குறைப்படுவார், பதினைந்து மடங்கு பெரிய செலவு அவர் கண்ணிலேயே படாது.

இந்தச் செலவுக்கு இம்பாக்ட் காஸ்ட் என்று பெயர். அது நம் சந்தைக்குப் புதிய கணக்கு அல்ல. நிஃப்டி 50இல் ஒரு பங்கு இடம்பெற, 10 கோடி ரூபாய்த் தொகுப்புக்கு, ஆறு மாதத்தில் எடுத்த அளவீடுகளில் 90 சதவீதத்தில் அது 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. குறியீட்டுக்கு இத்தனை கவனமாக அளக்கும் சந்தை, தாராவியில் தோல் பட்டறை நடத்திச் சேமித்தவரின் ஆர்டருக்கு மட்டும் அளந்து சொல்வதில்லை.

விலை நகரும் குறைந்தபட்ச அளவான விலைப்படியை மாற்றினால் இந்தச் செலவும் மாறும். 20 ரூபாய்ப் பங்குக்கு 5 பைசா படி என்றால் வாங்குவோர், விற்போர் விலைகளுக்கு இடையிலான ஸ்பிரெட் 0.25 சதவீதத்துக்குக் கீழே போகவே முடியாது. 2024 ஜூன் 10 முதல் 250 ரூபாய்க்குக் குறைந்த பங்குகளுக்கு ஒரு பைசா படி என்று தேசியப் பங்குச் சந்தை குறைத்தது சரியான முடிவு. ஆனால் படி சிறுத்தால் முன்பு ஒரே விலையில் நின்ற ஆர்டர்கள் பல விலைகளில் சிதறும். திரையின் முதல் வரியை மட்டும் பார்க்கும் டீலர் ஆழத்தைத் தவறாகக் கணிப்பார்.

ஆழம் எத்தனை விரைவில் காணாமல் போகும் என்பதை 2012 அக்டோபர் 5 காட்டியது. ஒரே தரகு நிறுவனத்திலிருந்து போன தவறான விற்பனை ஆர்டர்கள் 650 கோடி ரூபாய்க்கு மேல். அவை நிஃப்டியைச் சில கணங்களில் 15 சதவீதத்துக்கு மேல் வீழ்த்தின. வர்த்தகம் கால் மணி நேரம் நின்றது. சாதாரண நாளில் போதுமானதாகத் தெரிந்த வாங்கும் ஆர்டர்கள், அத்தனை பெரிய விற்பனை ஒரே நேரத்தில் வந்ததும் தீர்ந்துபோயின.

வால்யூமை லிக்விடிட்டி என்று எண்ணுவது இன்னும் பெரிய பிழை. ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வர்த்தக நிறுவனம் குறித்து 2025 ஜூலை 3இல் செபி பிறப்பித்த இடைக்கால ஆணை, 4,843 கோடி ரூபாய்க்கு மேல் முடக்கச் சொன்னது. பேங்க் நிஃப்டி பங்குகளை வாங்கி விற்று விலையை நகர்த்தி, ஆப்ஷனில் லாபம் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் அமைப்பின் குறை ஒன்று அதில் வெளிப்பட்டுவிட்டது. எக்ஸ்பயரி நாளில் ஆப்ஷன் வர்த்தகம் அடிப்படைப் பங்குகளின் வர்த்தகத்தைப் போலப் பல நூறு மடங்கு வளர்ந்துவிட்டால், சிறிய சந்தையின் விலையைத் தள்ளிப் பெரிய சந்தையில் சம்பாதிக்கும் ஆசை யாருக்கும் வரும். 2024 நவம்பரிலிருந்து ஒரு சந்தைக்கு ஒரே குறியீட்டில் மட்டும் வார எக்ஸ்பயரி என்று செபி கட்டுப்படுத்தியது தேவையான நடவடிக்கை. அது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆர்டர்கள் எந்தத் தரத்தில் நிறைவேறின என்ற புள்ளிவிவரத்தைச் சந்தை மையங்கள் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. நம் காண்ட்ராக்ட் நோட்டில் ஆர்டர் நேரமும் வர்த்தக நேரமும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நொடியின் நடுவிலையையும் பக்கத்தில் அச்சிட்டால் போதும். சந்தையின் கணினியில் அந்தத் தரவு இருக்கவே செய்கிறது. மித்தி ஆற்றின் ஒரு கரையில் தாராவி, மறு கரையில் பாந்திரா குர்லா வளாகத்தில் தேசியப் பங்குச் சந்தை. இந்தத் தகவல் ஆற்றைக் கடந்து வர விதி ஒன்று வேண்டும்.

விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அலுவலகம் நடத்தும் நம் வாசகர்கள், கைமாற்றம் குறைந்த பங்குகளில் மார்க்கெட் ஆர்டரைத் தவிர்த்து லிமிட் ஆர்டரைப் பழக்குங்கள். பெரிய ஆர்டரைப் பிரித்துப் போடுங்கள். நடுவிலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுங்கள். செபி அடுத்த கலந்தாய்வு அறிக்கையை வெளியிடும்போது, நடுவிலை அச்சாக வேண்டும் என்ற கோரிக்கையைத் தவறாமல் அனுப்புங்கள்.