எந்திரத்திற்கும் இளைப்பாறுதல் வேண்டும்

பெங்களூரில் பணிபுரியும் நம்மவர் பலருக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கங்களில் சிறிதளவு நிலம் உண்டு. ஏர்மாடுகள் அருகிவிட்ட இந்நாளில், பல்லாண்டு சேமித்த பணத்தைக் கொண்டு சிறு டிராக்டரோ பவர் டில்லரோ வாங்கி, ஊரிலுள்ள தம்பியிடம் ஒப்படைப்போரும் உளர். அவர்கள் பொருட்டே இம்மாதம் எந்திரத்தின் வெப்பத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

இத்துறையில் நம் நகருக்குத் தனிச்சிறப்பு உண்டு. வி. எஸ். திருவேங்கடசாமி முதலியார் 1911-இல் தொடங்கிய வாணிபத்தின் வழிவந்த வி. எஸ். டி. டில்லர்ஸ் டிராக்டர்ஸ் நிறுவனம், ஜப்பானிய மிட்சுபிஷியின் கூட்டுறவோடு 1967-இல் இங்கே தோன்றியது.

எஞ்சினில் எரியும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உழைப்பாகின்றது. எஞ்சியது வெப்பம். அதிற் பெரும்பகுதி புகையோடு போகும். மற்றதை ரேடியேட்டர் நீரோ, எஞ்சின்மேலுள்ள தகடுகளினூடே விசிறி செலுத்தும் காற்றோ அகற்ற வேண்டும். தகடுகளுக்கிடையே புல்லும் தூசியும் அடைந்துவிட்டால் எஞ்சின் தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே தண்ணீர் 97 பாகை அளவிலேயே கொதித்துவிடும். காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு குறைவு. ஆயினும் இந்நகரின் மிதமான தட்பவெப்பம் அக்குறையை மறைத்துவிடுகின்றது. இங்கே அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து மெச்சிய எந்திரம், சித்திரை வெயிலில் தருமபுரிக் காட்டில் நாள் முழுதும் உழும்போதுதான் தன் உண்மைத் தன்மையைக் காட்டும்.

புல்வெளிகளுக்கும் தோட்டங்களுக்கும் ஆன சிறு டிராக்டர்கள் சிலவற்றில் ‘ஹைட்ரோஸ்டேட்டிக்’ என்னும் இயக்கமுறை அமைந்துள்ளது. இதில் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகின்றது. பம்ப் ஆயிலை மிகுந்த அழுத்தத்தோடு ஒரு மோட்டாருக்குத் தள்ளுகின்றது. அம்மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. கியர் மாற்றும் தொல்லை இல்லை. மிதியை அழுத்தினால் முன்செல்லும்; மறுபுறம் அழுத்தினால் பின்செல்லும். அடிக்கடி முன்னும் பின்னும் திரும்ப வேண்டிய வேலைக்கு இது மிகவும் வாய்ப்பானது.

ஆனால் இவ்வசதிக்கு விலை உண்டு. பல்சக்கரங்களைவிட இதில் ஆற்றல் இழப்பு மிகுதி. இழந்ததெல்லாம் ஆயிலில் வெப்பமாகச் சேரும். சூடேறிய ஆயில் நீர்த்துப்போய் பிஸ்டன்களின் இடுக்குகளில் கசியும், அழுத்தம் குறையும். காலையில் மேட்டை எளிதில் ஏறிய வண்டி நண்பகலில் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ‘பம்ப் போய்விட்டது’ என்று பெருந்தொகை செலவிடுமுன், அதன்மேலுள்ள சிறு விசிறியையும் தகடுகளையும் ஒரு தூரிகையால் துடைத்துப் பாருங்கள்.

வேகத்தைக் குறைத்தால் எந்திரம் பிழைக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகவே சுழலும், சூடு மிகும். வேலை நடக்கும்போது, எஞ்சினைத் தயாரித்தோர் குறித்த சுழற்சியிலேயே ஓட்டி, மிதியால் மட்டும் வண்டியின் வேகத்தை அடக்குதல் வேண்டும். நின்றுபோன வண்டியை இழுத்துச் செல்லுமுன் ஆயிலுக்கு மாற்றுவழி விடும் நெம்புகோலைத் திறத்தல் வேண்டும். மறந்தால் பம்பும் மோட்டாரும் பழுதாகும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. பீறிட்டெழும் கொதிநீர் முகத்தைப் பொசுக்கிவிடும்.

நாள் முழுதும் கலப்பையை இழுக்க வேண்டிய நிலத்திற்குக் கியர் வண்டியே ஏற்றது என்பது நம் கருத்து. தென்னந்தோப்பில் புல் வெட்டவும் மரங்களிடையே வளைந்து திரும்பவும் விரும்புவோர் மற்றதை நாடலாம்.

எதை வாங்கினும், ஊரில் அதை ஓட்டுபவருக்கு இவற்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஆயுத பூசையன்று பொட்டிட்டு மாலை சூட்டுதல் நன்றே; நாள்தோறும் மாலையில் பத்து நிமிடம் தூசி தட்டுதல் அதனினும் நன்று. மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் ஏர் பூட்டாத மரபில் வந்தவர் நாம். நகரத்து உழைப்பால் வாங்கிய எந்திரத்திற்கும் அப்பரிவைக் காட்டினால், அது நெடுங்காலம் நம் குடும்பத்திற்கு உழைக்கும்.