எருமையூரும் மகிழ்மதியும்

நான் ஆய்வு செய்துவரும் வட இந்தியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான சிறுகதைப் போட்டி ஒன்று உண்டு. இவ்வாண்டின் பொருள் ஃபேண்டஸி எனப்படும் மிகைபுனைவு. மூவர் அடங்கிய நடுவர் குழுவில் நானும் ஒருவன். முதற்சுற்றில் தேறிய கதைகளைச் சில திருத்தக் குறிப்புகளோடு எழுதியவருக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். ஜார்க்கண்டிலிருந்து வந்த, முண்டாரியைத் தாய்மொழியாகக் கொண்ட முதுகலை மாணவர் ஒருவர் இந்தியில் எழுதிய கதையும் அவ்வாறு திரும்பிப் போயிற்று. அதன்மீது நாங்கள் எழுதிய குறிப்பு இரண்டே வரி. பெயர்கள் வாசகர் நாவில் இடறுகின்றன, செவ்வியல் ஓசை கொண்ட பெயர்களை இடலாம் என்பது ஒன்று. ஊர்ப்பெயர்களில் ஒருமை இல்லை, ஓரிடத்தில் ஒரு விதமாகவும் பிறிதோரிடத்தில் வேறு விதமாகவும் வருகின்றன என்பது மற்றொன்று. இரண்டாவது வரியை எழுதியவன் நான்.

மாணவர் திருத்தித் தந்தார். கதைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசுக் கதைகளின் தொகுப்புக்காக இரு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க நேர்ந்தபோதுதான் செய்த பிழை விளங்கிற்று.

முண்டாரியில் 'புரு' என்றால் மலை. 'ஹாத்து' என்றால் ஊர். கதையின் மூல வடிவில் மலைகளெல்லாம் புரு என்றும் ஊர்களெல்லாம் ஹாத்து என்றும் முடிந்தன. சமவெளியிலிருந்து ஓர் அரசியின் படை புறப்பட்டு வருகிறது. படை கடந்துபோன ஊரின் பெயர், அடுத்த முறை குறிப்பிடப்படும்போது, ஹாத்துவை இழந்து 'புர்' என்று முடிகிறது. கதைசொல்லி இதைப் பற்றி ஒரு சொல்லும் உரைப்பதில்லை. எந்த ஊர் விழுந்தது, எந்த ஊர் இன்னும் நிற்கிறது என்பதைப் பெயரின் ஈற்றைக் கொண்டே வாசகர் அறிந்துகொள்ள வேண்டும். நான் 'ஒருமை இல்லை' என்று சுட்டிய இடங்கள் அனைத்தும் ஒரு படையெடுப்பின் வரைபடம். திருத்திய வடிவில் எல்லா ஊர்களும் முதற்பக்கத்திலிருந்தே புரி, புரி என்று முடிகின்றன. படை வருகிறது, போகிறது. எதுவும் மாறுவதில்லை.

வரலாறு அறிந்த எவருக்கும் இந்த உத்தி புதிதன்று. எனக்குப் புதிதாக இருந்திருக்கவே கூடாது. ஏனெனில் சோழர் கல்வெட்டுகளை வாசித்துத்தான் நான் ஆய்வுக்குள் வந்தேன். இராசராசன் காலத்தில் கங்கபாடி முடிகொண்ட சோழமண்டலம் ஆயிற்று. நுளம்பபாடி நிகரிலிச் சோழமண்டலம் ஆயிற்று. ஈழத்தில் வென்ற பகுதி மும்முடிச் சோழமண்டலம் ஆயிற்று. காவிரிக் கரைத் தலைக்காடு இராசராசபுரம் என்றும், பொலன்னறுவை ஜனநாதமங்கலம் என்றும் பெயர் பெற்றன. வென்றவன் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று பெயரிடுவது. எம் நாட்டின் ஊர்ப்பெயர் ஈறுகளை மட்டும் திரட்டினாலே ஆட்சி மாற்றங்களின் சுருக்கமான வரலாறு கிடைத்துவிடும். சதுர்வேதிமங்கலம் என்றால் பிராமணர்க்கு அளித்த கொடை. பட்டினம் என்றால் கடற்றுறை. ஆபாத் என்றால் பாரசீக மொழி ஆட்சிமொழியாய் இருந்த காலத்தின் தடம். மேற்குச் சிங்பூம் மாவட்டத்தில் இரும்புத்தாதுச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற மேகாஹாத்துபுரு என்ற ஊர் உண்டு. மேகமும் ஊரும் மலையும் அந்த ஒரே பெயருக்குள் அடுக்கிவைத்தாற்போல் இருக்கின்றன. முதலுறுப்பு இந்தோ ஆரியம், பின்னிரண்டும் முண்டாரி. இப்பெயரைக் கற்பனையில் படைத்த எழுத்தாளர் ஒருவர் இருந்திருந்தால் அவரை நான் வியந்திருப்பேன். உண்மையில் அதைப் படைத்தது நெடுங்காலம்.

மிகைபுனைவில் பெயர் சூட்டுவது பற்றிப் பேசுவோர் தவறாமல் டோல்கீனிடம் போய் நிற்பர். நானும் போகிறேன், ஆனால் ஒரே ஓர் ஊருக்காக. அவருடைய உலகில் பிரீ என்றொரு சிற்றூர் உண்டு. அது அமைந்திருக்கும் குன்றுக்குப் பிரீ ஹில் என்று பெயர். 'பிரீ' என்பதே குன்றைக் குறிக்கும் பழைய கெல்ட்டியச் சொல். அதன் பொருள் மறந்துபோன பின் வந்தவர்கள் தம் மொழியில் மறுபடியும் 'குன்று' என்று சேர்த்துக்கொண்டனர். ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள பிரில் என்னும் உண்மையான ஊரின் பெயர் இவ்வாறே அமைந்தது. மொழியியலாளரான டோல்கீன் அதை அறிந்தே கையாண்டார். பெயருக்குள் ஒரு மொழி இறந்து கிடக்கிறது என்பதை அந்த ஊர்மக்கள் அறியார்; வாசகருள்ளும் பெரும்பாலோர் அறியார். ஆயினும் அவ்விடம் பழையது என்ற உணர்வு எப்படியோ நமக்கு வந்துவிடுகிறது.

இதற்காக இங்கிலாந்துக்குப் போக வேண்டியதும் இல்லை. சமஸ்கிருதக் காவியங்களில் தென்றல் புறப்படும் மலையமலைக்கு மலயகிரி, மலயபர்வதம் என்று பெயர். மலயம் என்பதே நம் மலைதான். மலைமலை என்று அழைக்கிறோம் என்பதைக் கவிஞர்களும் கவலைப்படாமல், கேட்டவர்களும் கவலைப்படாமல், நூற்றாண்டுகள் கடந்துவிட்டன.

இனி மகிழ்மதிக்கு வருகிறேன். 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளியான பாகுபலிப் படங்கள் இந்திய மிகைபுனைவுக்கு ஒரு பொது நிலப்படத்தை அளித்தன என்பதில் ஐயமில்லை. என் விடுதியில் மணிப்பூர் மாணவரும் குஜராத்தி மாணவரும் அந்த அரசின் பெயரை அறிவர். தெலுங்கிலும் இந்தியிலும் அது மாஹிஷ்மதி. இது படைத்த பெயரன்று, எடுத்த பெயர். நருமதைக் கரையில் இருந்த பழைய நகரம். ஹைஹய மன்னன் கார்த்தவீரியார்ச்சுனனின் தலைநகர். பாலி நூல்களில் அவந்தியோடு சேர்த்துப் பேசப்படுவது. காளிதாசன் இரகுவம்சத்தில் இந்துமதியின் சுயம்வரத்தின்போது ரேவை நதி சூழ விவரிப்பது. இன்றைய மகேசுவரமா மாந்தாதாவா என்று அறிஞர் இன்றும் விவாதிக்கின்றனர். பெயரின் பொருளோ மிக எளியது: எருமைகள் மிகுந்த இடம். மஹிஷம் என்றால் எருமை. மதி என்பது அங்கே உடைமையைக் காட்டும் விகுதி.

தமிழ் வடிவத்தில் இது மகிழ்மதி ஆயிற்று. விகுதி பெயர்ச்சொல் ஆகி, நிலவோ அறிவோ ஆயிற்று. எருமை மேய்ச்சலுக்குப் போனது திரும்பவே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓசையைக் காப்பாற்றிப் பொருளை மாற்றிய அந்தக் கை தேர்ந்த கை. குடமூக்கைக் கும்பகோணம் ஆக்கியவர்களும் முதுகுன்றத்தை விருத்தாசலம் ஆக்கியவர்களும் இதன் மறுதலையைச் செய்தனர்: பொருளைக் காத்து ஓசையை மாற்றினர். எனக்குள்ள கேள்வி வேறு. அதே பெயரைத் தமிழில் பொருளோடு எழுதினால் எருமையூர். அகநானூற்றில், தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவருள் ஒருவன் எருமையூரன். மைசூரின் பெயரும் மஹிஷனோடு ஊர் சேர்ந்ததே. ஆகவே எருமையூருக்கு அரச வரலாறு இல்லாமலில்லை. ஆயினும் திரையில் ஓர் அரசி 'எருமையூர் அரியணைமீது ஆணை' என்று முழங்கினால் அரங்கம் சிரிக்கும். மாஹிஷ்மதி என்றால் எழுந்து நிற்கும். பொருள் ஒன்றே, சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

ஓசை அழகிலிருந்து என்பது எளிய விடை. அதை நான் ஏற்கவில்லை. அரசு என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும், சேரி என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று நம் காதுக்கு யாரோ பழக்கிவைத்திருக்கிறார்கள். எங்கள் நடுவர் குழு 'செவ்வியல் ஓசை' என்று எழுதியபோது அந்தப் பழக்கம்தான் எழுதியது.

அதே படத்தில் பெயர்கள் எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதையும் பாருங்கள். மாஹிஷ்மதியும் குந்தளமும் வரலாற்றில் உள்ள பெயர்கள். எதிரிக் கூட்டமான காலகேயர், மகாபாரதத்தில் கடலுக்குள் ஒளிந்துகொண்ட அசுரர். அவர்களை வெளிக்கொணரத்தான் அகத்தியர் கடலைக் குடித்தார். அவர்களுக்கு மட்டும் மதன் கார்க்கி கிளிக்கி என்ற புதுமொழியை இலக்கணத்தோடு உருவாக்கித் தந்தார். உழைப்பு மெய்யானது. ஆனால் படம் முழுவதிலும் புதிதாக ஒரு மொழி படைக்கத் தகுதி பெற்றவர்கள், நாம் புரிந்துகொள்ள வேண்டியிராத மக்கள் மட்டுமே. அவர்களுடைய தலைவன் பெயர் இன்கோஷி. சூலு மொழியில் தலைவனுக்கு இன்கோசி என்பது சொல். நாவைச் சொடுக்கும் ஒலிகளும் அம்மொழிக் குடும்பத்தில் அன்றாடப் பேச்சு. ஒரு பெருங்கண்டத்தின் தாய்மார்கள் குழந்தைகளை அழைக்கும் ஒலி இங்கே அச்சமூட்டும் ஒலியாகிறது. என் மாணவரின் ஊர்ப்பெயர்கள் எங்கள் குழுவின் காதில் எந்தப் பக்கம் போய் விழுந்தன என்பதை இதன்பின் விளக்க வேண்டியதில்லை.

அமீஷின் மெலுஹா வேறு வகைச் சிக்கல். 2010இல் வந்த அந்த நாவல் ஒரு நாட்டுக்கு மெசொப்பொத்தேமிய ஆப்பெழுத்துகளில் காணும் பெயரைச் சூட்டியது. அக்காடிய மன்னன் சார்கோன், மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் நிற்பதாகப் பெருமை பேசியவன். சிந்துவெளியையே அப்பெயர் குறித்தது என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. அதன் வேரில் 'மேலகம்' போன்ற திராவிடச் சொல் இருக்கலாம் என்று அஸ்கோ பர்ப்போலா முன்மொழிந்தார். நாவலில் அம்மக்கள் தங்களையே மெலுஹர் என்று அழைத்துக்கொள்கின்றனர். துறைமுகத்துக் கணக்கன் நம்மை எப்படி எழுதிக்கொண்டானோ அதையே நம் வீட்டுப் பெயராக வைத்துக்கொள்வது போன்றது இது. பெயர் அழகுதான், ஆனால் பெயருக்குள்ளிருந்த நல்ல கதையொன்று, அதாவது ஒரு மக்களின் சொந்தப் பெயர் தொலைந்து அயலார் வாயில் மட்டும் அவர்கள் எஞ்சிய கதை, எழுதப்படாமலே போயிற்று.

தேவகிநந்தன் கத்ரியின் சந்திரகாந்தா 1888இல் வந்தது. மாயக் கோட்டைகளும் ஐயாரர்களும் நிறைந்த அக்கதையின் அரசுகள் நௌகட், விஜயகட், சுனார். மூன்றும் இன்றைய உத்தரப்பிரதேச நிலப்படத்தில் உள்ளவை. கத்ரி அந்தப் பக்கத்துக் காடுகளில் குத்தகை எடுத்து அலைந்தவர். ஆகவே பெயர் சூட்டும் கவலையே அவருக்கு நேரவில்லை.

எளிமை வேண்டும் என்ற எதிர்வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. உச்சரிக்க இயலாத பெயர்களை வரிசையாக அடுக்கி, நடுவே மேற்கோள்குறிகளைத் தூவி, அதையே அயல்மை என்று காட்டும் கதைகளையும் இப்போட்டியில் வாசித்தேன்; களைப்பாக இருந்தது. எல்லாரும் மொழியியலாளராகவும் முடியாது. ஆனால் 'ஹாத்து' என்பது மூன்றெழுத்து. குமாரதாரகபுரியைத் தடுமாறாமல் சொல்லும் நாவுக்கு அது எப்படி இடறிற்று?

தொகுப்பு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. மூல வடிவத்தையே வெளியிட வேண்டும் என்றும், ஒருமை பற்றிய குறிப்பு என் பிழை என்றும் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். மற்ற இருவரும் இன்னும் விடை தரவில்லை. நேற்று மாலை அந்த மாணவரைத் தேடிப்போய்ச் செய்தியைச் சொன்னேன். சினமும் இல்லை, மகிழ்ச்சியும் பெரிதாக இல்லை. தேநீர் வாங்கித் தந்தார். பிறகு கேட்டார்: "பையா, மூல வடிவத்தில் கடைசிப் பக்கத்தில் ஓர் ஊர் மட்டும் பெயர் மாறியும் விழாமல் நிற்கிறதே, கவனித்தீர்களா? படை வருமுன்பே அவர்கள் தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள்."

கவனிக்கவில்லை. இருமுறை வாசித்தும் கவனிக்கவில்லை. அந்தக் கடைசிப் பக்கம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது.