ஏஜென்சிக்காரர் முதல், கம்பெனி ரிமோட்

எம்பிஏ படிக்கிற நண்பன் ஒருத்தன் போன வாரம் சாட்ல வந்து, "மச்சி, வெர்டிகல் மார்க்கெட்டிங் சிஸ்டம்னா என்னடா, தமிழ்ல சொல்லு"ன்னான். செங்குத்து விற்பனை அமைப்புன்னு சொல்லிப் பார்த்தேன். அவனே சிரிச்சுட்டான் :)

விஷயம் பெருசா ஒண்ணுமில்லை. தயாரிக்கிறவர், நடுவுல இருக்கிற மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் மூணு பேரும் அவங்கவங்க லாபத்தை அவங்கவங்க பாத்துக்கிட்டா அது பழைய வழி. மூணு பேரையும் ஒரே வண்டியில பூட்டி ஓட்டினா வெர்டிகல் சிஸ்டம். பாடப்புத்தகம் மூணு வகை சொல்லும். தொழிற்சாலையும் கடையும் ஒரே முதலாளிக்குச் சொந்தமா இருக்கிறது ஒண்ணு (ஒரு காலத்துப் பாட்டா மாதிரி). ஒப்பந்தம் போட்டுக் கட்டிப்போடுறது ரெண்டாவது, மெக்டொனால்ட்ஸ் ஃபிரான்சைஸ் மாதிரி. மூணாவதுல யாரும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனா ஒருத்தர் சைஸைப் பார்த்தே மத்தவங்க சொன்னபடி ஆடுவாங்க. நம்ம ஊர்ல சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் பெரும்பாலும் இந்த மூணாவது வழியிலதான் அண்ணாச்சி கடைக்கு வருது. எனக்குச் சண்டையே இந்த மூணாவது வகையோடதான்.

நான் பொட்டி தட்டுற புராஜெக்டே ஏஜென்சிக்காரங்களுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். பில் போடுறது ஏஜென்சிக்காரர், ஆனா சாஃப்ட்வேரைக் கொடுக்கிறது கம்பெனி. எந்தத் தெருவுல எந்தக் கடை எத்தனை டஜன் வாங்குச்சு, யாருக்கு என்ன ஸ்கீம் போச்சு, கோடவுன்ல மீதி எவ்வளவு, எல்லாம் ராத்திரியோட ராத்திரியா கம்பெனி சர்வருக்குப் போயிடும். நாளைக்கு எவ்வளவு சரக்கு இறக்கணும்கிற ஆர்டரைக்கூட சாஃப்ட்வேரே போட்டுடும். முதல் போட்டவர் 'சரி'ங்கிற பட்டனைத் தட்டினா போதும். மாசக் கடைசியில டார்கெட் இடிக்குதுன்னு கம்பெனி ஆபீசர் போன் பண்ணி, கேக்காத சரக்கையும் தலையில கட்டுவார். அதுக்கு மட்டும் சாஃப்ட்வேர் தேவையில்லை.

இந்தத் தொழில்ல என்ன மிஞ்சும்? ஒரு பேச்சுக்கு எண்களை நானே வச்சுக்கிறேன். ஒரு சின்ன ஊர் ஏஜென்சி. சரக்கு, கடைகள்ல நிக்கிற கடன், வராத கிளைம் எல்லாம் சேர்த்து 30 லட்சம் முடக்கம். அதுல பாதி பேங்க் ஓடி, 12 சதவீத வட்டி. மாசம் 30 லட்சத்துக்கு விற்பனை, 5 சதவீதம் மார்ஜின்னா ஒன்றரை லட்சம். கோடவுன் வாடகை, வேன், டிரைவர், லைன் போற சேல்ஸ்மேன் சம்பளம், டீசல் போக 40 ஆயிரம் நிக்குது. வருஷத்துக்கு 4.8 லட்சம். ஓடி வட்டி 1.8 லட்சம் போனா 3 லட்சம். மாசம் 25 ஆயிரம். பெரிய முதலாளின்னு ஊரே சொல்ற ஆளுக்கு!

இப்ப விற்பனை 20 சதவீதம் குறைஞ்சா? மார்ஜின் 1.2 லட்சம் ஆயிடும். வேனும் வாடகையும் சம்பளமும் குறையாது, அதே 1.1 லட்சம். மிச்சம் மாசம் 10 ஆயிரம். வட்டி மட்டும் மாசம் 15 ஆயிரம். சரக்கைக் குறைச்சு ஓடியைக் கொஞ்சம் இறக்கலாம்தான். அப்பவும் கையில நிக்கிறது சைபருக்குப் பக்கம். விற்பனை அஞ்சுல ஒரு பங்கு போனா லாபம் அஞ்சுல ஒரு பங்கு குறையும்னு நினைச்சா தப்பு. லாபம் முழுசாவே போயிடுது.

இந்தப் பயத்துலதான் 2021 கடைசியில அகில இந்திய விநியோகஸ்தர் கூட்டமைப்பு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுச்சு. ஜியோமார்ட், உடான், மெட்ரோ மாதிரி பெரிய ஆளுங்களுக்குக் கொடுக்கிற விலையை எங்களுக்கும் கொடுங்கன்னு. கடைக்காரருக்கு ஏஜென்சி வழியா 8 முதல் 12 சதவீதம் மார்ஜின் கிடைச்ச இடத்துல, ஆன்லைன் ஆளுங்க 15 முதல் 20 தந்தாங்கன்னு அப்ப செய்திகள்ல வந்துச்சு. 2022 ஜனவரியில மகாராஷ்டிராவுல கோல்கேட்டோட மேக்ஸ் ஃபிரெஷ் பேஸ்ட் சப்ளையை நிறுத்தியும் பார்த்தாங்க. 2023-ல மெட்ரோவோட இந்தியக் கடைகள் ரிலையன்ஸ் கைக்கே போயிடுச்சு. 2024 அக்டோபர்ல அதே கூட்டமைப்பு, பத்து நிமிஷ டெலிவரி கம்பெனிகள் மேல போட்டி ஆணையத்துல புகார் கொடுத்துச்சு.

இங்க நான் ஏஜென்சிக்காரங்க கட்சியிலிருந்து கொஞ்சம் விலகுறேன். எல்லாருக்கும் ஒரே விலைங்கிற கோரிக்கை எனக்கு ஒப்புதல் இல்லை. நூறு லோடு எடுக்கிறவனுக்கும் அரை லோடு எடுக்கிறவனுக்கும் ஒரே விலை எந்த வியாபாரத்துல இருக்கு? அண்ணாச்சிக்குக் குறைஞ்ச விலையில எங்கேயோ கிடைச்சா அவர் அங்க வாங்கத்தான் செய்வார். அவர் வீட்லயும் ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்ல.

என் கோபம் வேற இடத்துல. விலை, ஏரியா, ஸ்டாக், ஸ்கீம், சேல்ஸ்மேன் போக வேண்டிய ரூட்டு வரைக்கும் முடிவெடுக்கிறது கம்பெனி. முதல், வாராக்கடன், எலி கடிச்ச சரக்கு, எக்ஸ்பயரி ஆன டப்பா எல்லாம் ஏஜென்சிக்காரர் கணக்கு. திண்டுக்கல் பக்கம் எங்க சித்தப்பா ஒரு ஏஜென்சி வச்சிருந்தார் (கம்பெனி பேர் வேணாம்). அவரே கைக்காசைப் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்த ஸ்கீம் தள்ளுபடி, கம்பெனியிலிருந்து திரும்பி வர எட்டு மாசம் ஆச்சு. அவர் சரக்குக்கான பணத்தை மட்டும் முன்கூட்டியே கட்டணும். "உங்க சாஃப்ட்வேர்ல இதுக்கு ஒரு பட்டன் கிடையாதா தம்பி?"ன்னு என்கிட்ட கேட்டார். கிடையாது சித்தப்பா. அதை யாரும் ஸ்பெக்ல எழுதித் தரலை.

சட்டம் இதைக் கொஞ்சம் தொடுது. 2002 போட்டிச் சட்டத்துல பிரிவு 3(4) இந்த மாதிரி மேல்கீழ் ஒப்பந்தங்களுக்குத்தான். டீலர்கள் சொன்னதுக்கு மேல தள்ளுபடி கொடுக்கக் கூடாதுன்னு மாருதி தடுத்ததா சொல்லி, 2021 ஆகஸ்ட்ல ஆணையம் 200 கோடி அபராதம் போட்டுச்சு. வாடிக்கையாளர் மாதிரி ஆளை அனுப்பி டீலரை வேவு பார்த்தது வரைக்கும் அந்த உத்தரவுல இருக்கு. மாருதி மேல்முறையீடு போனது தனிக்கதை. ஆனா அந்தப் பிரிவு பார்க்கிறது சந்தையில போட்டி கெடுதாங்கிறதைத்தான். ஏஜென்சிக்காரர் கிளைம் எட்டு மாசம் தூங்குறது அதுக்குள்ள வராது.

அதனால நான் கேக்கிறது விலைச் சமத்துவம் இல்லை. கிளைம் 30 நாள்ல வரலைன்னா ஓடி வட்டியை கம்பெனி கட்டணும். ஏஜென்சியைப் பிடுங்கினா மிச்ச சரக்கை வாங்கின விலைக்கே திருப்பி எடுத்துக்கணும். ஏரியாவுக்குள்ள ரெண்டாவது ஆளைப் போடறதா இருந்தா ஆறு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும். இதெல்லாம் ஒண்ணும் புரட்சி இல்லைங்க. சாதாரண வீட்டு வாடகை ஒப்பந்தத்துலகூட நோட்டீஸ் பீரியட் இருக்கு.

குஜராத்ல இதே வெர்டிகல் சிஸ்டத்தைத் தலைகீழாவும் நட்டிருக்காங்க. 1946-ல கைரா மாவட்டத்துல பால்காரங்க சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம்தான் பின்னால அமுல். மாடு வச்சிருக்கிறவர் கிராமச் சங்க உறுப்பினர், கிராமச் சங்கங்கள் சேர்ந்து மாவட்ட யூனியன், யூனியன்கள் சேர்ந்து 1973-லிருந்து மாநில அளவுல விற்பனைக் கூட்டமைப்பு. மேல இருக்கிற அமைப்புக்குக் கீழ இருக்கிறவர் உரிமையாளர். அங்கேயும் அரசியல் இல்லாம இல்லை. ஆனா அங்கே மேல யார் உக்காரணும்னு ஓட்டுப் போடக் கீழே இருக்கிறவருக்கு ஒரு வழி இருக்கு. சோப்பு ஏஜென்சிக்காரருக்கு அப்படி ஒரு சங்கம் சாத்தியமா, சரக்கை அவர் தயாரிக்கலையேன்னு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா தெருத்தெருவா அவர் சேர்த்த கடைக் கணக்கு இருக்கே, அது யாருக்குச் சொந்தம்? பின்னூட்டத்துல சொல்லுங்க, குறிப்பா வீட்ல ஏஜென்சி வச்சிருக்கிறவங்க.

டிஸ்கி: கிளையன்ட் யாருன்னு தனிமடல்ல கேக்காதீங்க மக்களே. ஆணி புடுங்குற இடத்துல எனக்கும் நோட்டீஸ் பீரியட் இருக்கு :)