எழுந்தால் இருட்டு!

எங்கள் வீட்டில் திடீர் திடீரென்று கறுத்துப்போகும் சமாச்சாரங்கள் இரண்டு. ஒன்று, மாசக் கடைசியில் என் முகம். இன்னொன்று, என் கம்ப்யூட்டர் மானிட்டர். முகத்துக்கு மருந்து, பத்திரிகை ஆபீஸ் அனுப்பும் சன்மானம். மானிட்டருக்கு என்ன மருந்து என்று கண்டுபிடிப்பதற்குள், எனக்கும் அப்பாவுக்கும் பேச்சே நின்றுவிட்டது.

கேளுங்கள்.

பகலில் எழுத்து, ராத்திரியில் மூணு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு. பி.காம். படித்துவிட்டு எழுத வந்தவனின் பிழைப்பு இது! இருபதாம் தேதிக்குள் கணக்கு போய்ச் சேராவிட்டால் கடைக்காரருக்குத் தாமதக் கட்டணம், எனக்கு அர்ச்சனை. அது கத்திரி வெயில் கொளுத்திய மே மாதம். வெந்து சாகவேண்டாமே என்று அப்போதுதான் தவணையில் ஒரு ஏ.ஸி. வாங்கி என் அறையில் மாட்டியிருந்தோம்.

பதினேழாம் தேதி ராத்திரி. மானிட்டர் பொசுக்கென்று கறுத்தது. மூன்றே விநாடி! பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, மாமனார் வீட்டில் புதுமாப்பிள்ளை போல் பளிச்சென்று சிரித்தது. அன்றைக்கு நாலு தடவை. மறுநாள் ஏழு தடவை.

பழைய குண்டு மானிட்டராக இருந்தால் வைத்தியம் சுலபம். தலையில் ஓங்கி ஒன்று வைத்தால் உள்ளே விட்டுப்போன சால்டரிங் தொட்டுக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடும். இப்போது இருப்பதோ அப்பளம். தட்டினால் நொறுங்கும்.

கம்ப்யூட்டர் கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். "பேனல் போயிடுச்சு ஸார். புதுசு வாங்கிடுங்க. ஒன்பதாயிரம் ஆவும்" என்றார், பார்க்காமலே. வீட்டில் ஒன்பதாயிரம் இருந்தது. ஆனால் அது இருந்த கவரின் மேல் 'ஸ்கூல் பீஸ்' என்று என் மனைவியின் கையெழுத்து இருந்தது!

சரி, நாமே துப்பறிவோம் என்று இறங்கினேன். பிளக்கை வேறு இடத்தில் சொருகினேன். ஸ்லீப் செட்டிங்கை மாற்றினேன். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். எல்லாம் ஒரே ராத்திரியில், ஒரே மூச்சில். கறுப்பு போகவில்லை. "ஏ.ஸி.தான் கரண்ட்டை உறிஞ்சுது" என்றேன். "மாசாமாசம் நம்மளையும்தான் உறிஞ்சுது. நாம என்ன கறுத்தா போயிட்டோம்?" என்றாள் மனைவி.

அப்போதுதான் ஒரு விஷயம் கவனித்தேன். ஹாலில் படுத்திருக்கும் அப்பா, "டேய், கொஞ்சம் இங்க வந்துட்டுப் போயேன்" என்பார். உடனே மானிட்டர் கறுக்கும். தண்ணி வேண்டும் என்பார். கறுக்கும். ஃபேனைக் குறைக்கச் சொல்வார். கறுக்கும். பத்தொன்பதாம் தேதி ராத்திரி ஒரு கடையின் கணக்கைப் பாதி ஏற்றியிருக்கும்போது கூப்பிட்டார். கறுத்தது. நான் கத்திவிட்டேன்.

"நீங்க கூப்பிட்டாலே இது அவிஞ்சுபோவுதுப்பா! ஒரு நாளைக்குக் கூப்பிடாமத்தான் இருங்களேன்!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி அவரே இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போய்த் தண்ணி குடித்து மாத்திரை போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு கீ-போர்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். இருபதாம் தேதி கணக்கு போய்ச் சேர்ந்தது. அப்பா மட்டும் கூப்பிடவே இல்லை. இரண்டு நாள்.

மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு பழைய டைரியை வைத்தார். அப்பா முப்பத்திரண்டு வருஷம் கணக்கு கிளார்க். டைரியில் கோடு போட்டு எழுதியிருந்தார்:

'இரவு 10.40. கூப்பிடவில்லை. நீ பாத்ரூம் போனாய். கறுத்தது.

11.15. கூப்பிடவில்லை. ஜன்னல் சாத்த எழுந்தாய். கறுத்தது.

மறுநாள் பகல் 2.00. ஏ.ஸி. இல்லை. மூன்று முறை எழுந்தாய். கறுக்கவில்லை.'

"நான் கூப்பிட்டதால இல்லடா," என்றார் மெதுவாக. "நீ எந்திரிச்சதால."

ஸார், நான் பி.காம். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பவன். சரியாக வகுபட்டால் எங்கேயோ 54-ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகப்படத் தெரிந்தவன். (கடைத் தம்பி சொன்ன ஒன்பதாயிரமும் ஒன்பதால் வகுபடுகிறது, கவனியுங்கள்!) அப்படிப்பட்டவன் எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன், உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தவிர.

பரிசோதனை ஆரம்பம். ஏ.ஸி. ஓட, என் சுழல் நாற்காலியில் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்தேன். ஆறு தடவை கறுப்பு. சமையலறை மர ஸ்டூலில் பத்துத் தடவை. ஒன்றுமே இல்லை! எண்ணிக்கை, அப்பா. பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "தாத்தா, அப்பா என்ன தப்புப் பண்ணாரு? தோப்புக்கரணம் போடறாரு?"

அப்பா டைரியிலிருந்து தலையை எடுக்காமல், "கணக்குத் தப்புடா கண்ணு" என்றார்.

விஷயம் இதுதான். நெம்புகோலை அழுத்தினால் ஏறி இறங்குமே, கேஸ் சிலிண்டர் வைத்த ஆபீஸ் நாற்காலி, அதிலிருந்து எழும்போது துணியும் மெத்தையும் உரசிப் பிரிந்து மின்னேற்றம் சேரும். அடியிலுள்ள உலோகப் பாகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி தாவும். அந்தப் பொறி ரேடியோ இரைச்சலைக் கிளப்ப, மானிட்டர் கேபிள் அதை ஏரியல் மாதிரி பிடித்துக்கொள்ளும். பழைய வி.ஜி.ஏ. கேபிளாக இருந்தால் படம் கொஞ்சம் நெளியும், அவ்வளவே. எச்.டி.எம்.ஐ. டிஜிட்டல் ஆயிற்றே! சிக்னல் தடுமாறினால் படத்தையே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து கைகுலுக்கும். அந்த மூன்று விநாடிதான் இருட்டு. சென்னைப் புழுக்கத்தில் மின்னேற்றம் தானே கசிந்துவிடும், ஏ.ஸி. காற்று வறட்சியில் தங்கிவிடும். நாற்காலிகளின் இந்தக் குறும்பைப் பற்றி 1993-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கிறது. நாற்காலியால் நாடே இருட்டாவதைப் பார்த்தவர்கள் நாம். மானிட்டர் எம்மாத்திரம்!

உங்கள் மானிட்டரும் கறுக்கிறதா? கவரில் கை வைக்காதீர்கள். முதலில் ஓரத்திலுள்ள குட்டி விளக்கைப் பாருங்கள். அதுவும் அணைந்தால் பிளக், அடாப்டர் கோளாறாக இருக்கலாம். விளக்கு எரிந்து 'நோ சிக்னல்' வந்தால் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி அழுத்திச் சொருகுங்கள். திருகாணி இல்லாததால் அது நழுவும். விளக்கும் எரிந்து, கறுப்பு நீடித்தால், டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு அவுட். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம். எதுவானாலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்னைப் போல எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் குற்றவாளி தப்பிவிடுவான். எப்போது கறுத்தது என்று எழுதி வையுங்கள். முக்கியமாக, வீட்டில் யார் மேலும் பாயாதீர்கள்.

எனக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். நீளம் குறைந்த, நல்ல உறை போட்ட கேபிள் ஒன்று. அதன்மேல் கவ்விக்கொள்ளும் ஃபெரைட் வளையம் ஒன்று; எலியை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் புடைத்திருக்கும். கேபிளை நாற்காலிப் பக்கமிருந்து சுவரோரமாகத் தள்ளிக் கட்டினேன். அப்புறம் கறுக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி பத்தரைக்கு ஹாலில் அப்பா புரளும் சத்தம். கூப்பிடவில்லை. நானே எழுந்து தண்ணியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டே, "கறுத்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. இனிமே கூப்பிடுங்க" என்றேன்.

இப்போது தினமும் கூப்பிடுகிறார். ஃபேனைக் குறைக்க ஒரு தடவை, கூட்ட ஒரு தடவை. மானிட்டர் ஜம்மென்று எரிகிறது. என் மாசக் கடைசி முகத்துக்குத்தான் ஃபெரைட் வளையம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை!