வரிக்கு உடன்பாடு உண்டு, முதுமைக்கு இல்லை

புனே நகரில், எரவாடாவுக்கு வடக்கே ஆளந்தி சாலையில் உள்ளது விஷ்ராந்த்வாடி. எரவாடா, கராடி மென்பொருள் வளாகங்களில் உழைப்போர் பலர் இங்கு வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அவர்களுள் தமிழரும் உண்டு. அவ்வளாகங்களில் உழைப்போர் அனைவரும் ஊழியர் அல்லர். ஒரு பகுதியினரின் பணிக்கடிதம் அவர்களை ‘ஆலோசகர்’ என்றோ ‘ஒப்பந்ததாரர்’ என்றோ குறிக்கிறது. மேலாளர் ஒருவரே, வேலை நேரமும் ஒன்றே. ஊதியம் மட்டும் ‘தொழில்முறைக் கட்டணம்’ ஆகிவிடுகிறது. அதில் 10 விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு. வருங்கால வைப்பு நிதியோ பணிக்கொடையோ இல்லை. துண்டுக்கூலி முறை, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே தரகர்கள் நுழைய வழி திறக்கிறது என்று ‘மூலதனம்’ முதல் பாகத்தில் மார்க்ஸ் காட்டினார். அவ்வழி இன்று கடல் கடந்து நீள்கிறது.

வெளிநாடு செல்பவரிடம் முதலில் பேசப்படுவது 182 நாள் கணக்கு. வேலைக்காகச் செல்லும் குடிமகன் அந்நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால், அங்கு ஈட்டிய ஊதியத்துக்கு இங்கு பொதுவாக வரி இல்லை. அக்டோபரில் விமானம் ஏறுபவரோ இரு நாட்டு வருமானத்துக்கும் இங்கு கணக்குக் காட்டவேண்டும். அமெரிக்காவில் செலுத்திய வருமான வரியைக் கழித்துக்கொள்ள 1989இல் கையெழுத்தான இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்பாடு உதவுகிறது.

ஆனால் அந்த உடன்பாடே சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பை வெளிப்படையாக விலக்கி வைத்துள்ளது. எச்-1பி விசாவில் பணிபுரிபவரின் ஊதியத்திலிருந்து ஓய்வூதியத்துக்கு 6.2, முதியோர் மருத்துவத்துக்கு 1.45, ஆக 7.65 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. ஓய்வூதியம் பெற ஏறத்தாழ 10 ஆண்டுகள் செலுத்தியிருக்க வேண்டும். விசாவின் வழக்கமான உச்ச வரம்போ 6 ஆண்டுகள். நாடு திரும்புபவர் செலுத்திய தொகை அங்கேயே தங்கிவிடுகிறது. நிறுவனங்களின் லாபத்தின் மீது இருமுறை வரி விழாமல் காக்கும் உடன்பாட்டை அன்றே செய்துகொண்ட இந்திய ஆட்சியாளர்களால், தொழிலாளியின் முதுமைக்கான உடன்பாட்டை அமெரிக்காவுடன் இதுவரை செய்ய இயலவில்லை.

இயலாத காரியமன்று இது. பெல்ஜியத்துடன் 2006இல் கையெழுத்தான சமூகப் பாதுகாப்பு உடன்பாடு 2009இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், கனடா, ஜப்பான் ஆகியவற்றுடனும் உடன்பாடுகள் உள்ளன. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் வணிக உடன்பாடு கையெழுத்தானபோது, தற்காலிகமாக அனுப்பப்படுவோர்க்கு மூன்றாண்டு விலக்கும் சாதனையாகப் பறைசாற்றப்பட்டது.

இவ்விலக்கைப் பெறுவதற்கான சான்றிதழை வழங்குவது வருங்கால வைப்பு நிதி அமைப்பே. இங்கு பங்களிப்புச் செலுத்துபவருக்குத்தான் அச்சான்றிதழ் கிடைக்கும். வைப்பு நிதிக் கணக்கே இல்லாத ‘ஒப்பந்ததாரர்’ அதை எப்படிப் பெறுவார்? பெயரளவில் அவரைத் தொழில்முனைவராக்கிய அதே கடிதம், இரு நாட்டின் பாதுகாப்பையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. வரி செலுத்தும் கடமையில் மட்டும் அவர் முழுக் குடிமகன்.

ஆகவே கோரிக்கை இரண்டு. அமெரிக்காவுடனான எந்த வணிகப் பேச்சிலும் சமூகப் பாதுகாப்பு உடன்பாடு முன்நிபந்தனையாக வேண்டும். ஊழியரைப்போல் வேலை வாங்கப்படும் ஒவ்வொருவரும், கடிதத்தில் எப்பெயர் இருப்பினும், வைப்பு நிதியில் சேர்க்கப்பட வேண்டும். இரண்டாவது கோரிக்கை வெல்லாதவரை முதலாவது உடன்பாட்டால் ஒப்பந்ததாரர்க்குப் பயன் விளையாது. எனவே போராட்டம் விமான நிலையத்தில் அல்ல, விஷ்ராந்த்வாடியிலிருந்து அவர் அன்றாடம் செல்லும் வளாகத்தின் வாயிலிலேயே தொடங்கவேண்டும்.