ஈடில்லாத கடனுக்கு ஈடு எது?

இப்போது நமது நாட்டுக் கிராமங்களில், வாரத்தில் ஒரு நாள் காலை வேளையில், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ மரத்தடியிலோ பத்திருபது பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அவர்களுக்கு எதிரே ஒரு வாலிபர் கணக்குடன் உட்கார்ந்திருப்பார். பெயர் கூப்பிடப்படும், பணம் எண்ணி வைக்கப்படும். இதற்குத்தான் மைக்ரோ பைனான்ஸ் என்றும், குழுக் கடன் என்றும், மகளிர் கடன் என்றும் பல பெயர்கள் வழங்குகின்றன. இதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்படுவது என்னவென்றால், இதற்கு நிலம் வேண்டாம், நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம். ஏழையை நம்பிக் கொடுக்கப்படும் ஈடில்லாத கடன் இது என்பதாகும்.

உலகத்தில் ஈடில்லாமல் பணம் கொடுக்கும் வியாபாரி எங்காவது உண்டா? இல்லை என்பது கடன் பட்டவர்களுக்கும் தெரியும், கொடுத்தவர்களுக்கும் தெரியும். அப்படியானால் இந்தக் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டிருக்கும் பொருள் எது என்பதைப் பற்றித்தான் இங்கு யோசிக்க விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஏழைகள் கடன் வாங்கவே கூடாது என்று உபதேசம் செய்கிறவர்கள் கூட்டத்தில் நாம் சேர்ந்தவர்கள் அல்ல. மில் வைத்திருப்பவர் கடன் வாங்கித்தான் மில் நடத்துகிறார். ரயில் ஓட்டும் சர்க்காரும் கடன் வாங்கித்தான் ரயில் ஓட்டுகிறது. இட்லிக் கடை போடுகிறவளும், கூடை முடைகிறவளும், தையல் மெஷின் வாங்க நினைக்கிறவளும், இரண்டு ஆடு பிடித்து வளர்க்க நினைக்கிறவளும் மாத்திரம் கையில் முதல் இல்லாமல் காரியம் செய்ய வேண்டும் என்றால், அது நியாயமாகுமா? முதல் இல்லாதவன் உழைப்பு மற்றவனுக்குத்தான் போய்ச் சேரும்.

கடன் கிடைக்காவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். சந்தையில் காய் விற்கிறவளுக்குத் தண்டல்காரன் 10,000 ரூபாய் என்று சொல்லி, 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 100 ரூபாயாக 100 நாளில் 10,000-மும் திரும்பிவிட வேண்டும். தினம் தினம் அசல் குறைந்துகொண்டே வருவதால் அவள் கையில் சராசரியாக நின்ற பணம் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே வருஷக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறுக்கும் மேலேயே வட்டி ஆகிறது! இந்த வட்டியைத் தாங்கி மிச்சம் பிடிக்க எந்த வியாபாரத்தால் முடியும்?

இந்தக் கொடுமைக்குப் பரிகாரம் தேடியவர்கள் முன்பும் இருந்தார்கள். ஜெர்மனி தேசத்தில் ரைபைசன் என்பவர் 1864-ல் குடியானவர்களைக் கொண்டே ஒரு கடன் சங்கம் ஏற்படுத்தினார். அந்த முறைகளை ஆராய்ந்துவரச் சென்னை சர்க்காரால் அனுப்பப்பட்ட பிரடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே நமது திரூரில் விவசாயக் கடன் சங்கம் ஒன்றும் பதிவாயிற்று. ஆனால் பலன் என்ன? அரை நூற்றாண்டு கழித்து 1951-52-ல் கிராமக் கடனைப் பற்றி இந்தியா முழுவதும் கணக்கெடுத்துப் பார்த்தபோது, குடியானவன் வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய்க் கடனிலும் கூட்டுறவுச் சங்கம் கொடுத்தது ஏறக்குறைய 3 ரூபாய்தான். பெரும் பங்கு லேவாதேவிக்காரனுடையதாகவே இருந்தது. அந்த 3 ரூபாயும் நிலம் உள்ளவனுக்குப் போயிருக்குமே ஒழிய, கூடை முடைகிறவளுக்கு வந்திருக்குமா?

இந்த நிலையில்தான் வங்காள தேசத்தில் முகம்மது யூனுஸ் என்னும் பொருளாதார ஆசிரியர் 1976-ல் சிட்டகாங் சர்வகலாசாலைக்குப் பக்கத்திலுள்ள ஜோப்ரா கிராமத்திற்குள் போய்ப் பார்த்தார். அங்கே மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள், மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடம் கடன் வாங்கி, செய்த முக்காலியை அவன் சொன்ன விலைக்கே அவனிடம் கொடுத்துவந்தார்கள். கணக்கெடுத்ததில் 42 பேருக்கு வேண்டியிருந்த மொத்த முதல் 27 டாலர்தான்! அதைத் தம் கையிலிருந்து கொடுத்தார். 1983-ல் அது கிராமீன் பேங்காயிற்று. 2006-ல் அவருக்கும் பேங்குக்கும் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. ஏழைப் பெண்கள் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவார்கள் என்பதை உலகம் ஒப்புக்கொள்ளும்படி செய்த பெருமை அந்த முயற்சிக்கு உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நிற்க. ஏழைப் பெண் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறாள் என்ற சேதி நல்லவர்கள் காதில் மாத்திரம் விழவில்லை. லாபம் தேடுகிறவர்கள் காதிலும் விழுந்தது. 27 டாலரில் ஆரம்பித்த காரியம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2010 ஆகஸ்டில் இந்தியாவில் ஒரு பெரிய சிறு கடன் கம்பெனி தன் பங்குகளைச் சந்தையில் விற்றபோது, இருந்ததைப் போல் பல மடங்கு கேட்டுப் பணக்காரர்கள் போட்டி போட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில், வசூல் தொல்லை தாங்காமல் பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகப் பத்திரிகைகளில் சேதிகள் வர, ஆந்திர சர்க்கார் அவசரச் சட்டம் போட்டது. பங்குக்குப் போட்டியும் வசூல் சாவும் ஒரே வருஷத்தில், ஒரே தொழிலில் நடந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். நிலமும் நகையும் ஈடில்லாத கடன் எப்படி அவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வந்தது? ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளுக்காகக் கட்ட வேண்டும். பணம் முழுதும் வராமல் கூட்டம் கலையக்கூடாது. காகிதத்தில் எப்படி எழுதியிருந்தாலும் பல இடங்களில் வழக்கம் இதுவாகவே இருந்துவந்திருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தவணையை மருந்துக்குச் செலவழித்துவிட்டு வந்தவள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். கூலிக்குப் போக நேரமாயிற்று என்று மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். கம்பெனிக்காரர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நேற்று வரை உப்பும் புளியும் மாற்றிக்கொண்ட அடுத்த வீட்டுக்காரியே, "வாங்கும்போது இனித்ததா?" என்று கேட்டுவிடுகிறாள். அவள் வீட்டுக்குப் போய்க் குண்டானை அடகு வைத்துக் கொண்டுவந்து கட்டுகிறாள்.

தோழர்களே! இந்தக் கடனுக்கு ஈடு எது என்று இப்போது தெரிகிறதா? அவளுடைய மானமே ஈடு! நிலத்தை ஈடு வைத்தவன் நிலத்தைத்தான் இழப்பான். நகையை ஈடு வைத்தவன் நகையைத்தான் இழப்பான். மானத்தை ஈடு வைத்தவள் எதை இழப்பாள் என்பதை 2010-ம் வருஷத்து ஆந்திரச் சேதிகள் சொல்லுகின்றன.

"கூட்டுப் பொறுப்பு ரைபைசன் சங்கத்திலும் உண்டே" என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே நஷ்டத்துக்குப் பொறுப்பாளிகளாயிருந்தவர்களே சங்கத்துக்குச் சொந்தக்காரர்கள். மிச்சமான பணம் சங்கத்தின் சேமநிதிக்கே போயிற்று. இங்கேயோ நஷ்டத்துக்கு மாத்திரம் பெண்கள் கூட்டு. லாபத்துக்குப் பங்குக்காரர்கள் கூட்டு! இப்படிப்பட்ட கூட்டு வியாபாரத்தைப் பணக்காரர்களில் யாராவது தங்களுக்குள் செய்துகொள்வார்களா?

பணக்காரர்களுக்குள் நடப்பதே வேறு. பெரிய கம்பெனி பேங்குக்குக் கட்ட முடியாமல் போனால், 2016-ல் வந்த திவால் சட்டத்தின்படி எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பாக்கியில் பெரும்பகுதியைக் கூட விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்ளலாம். அதற்கு "சீரமைப்பு" என்று கௌரவமான பெயர். அந்தக் கம்பெனி முதலாளி வீட்டு வாசலில் யாராவது பாய் போட்டு உட்காருகிறார்களா? அண்டை வீட்டுச் சீமாட்டி வந்து ஏசுகிறாளா? கோடி பாக்கி வைத்தவனுக்குக் கௌரவம், நானூறு ரூபாய்த் தவணை தவறினவளுக்கு அவமானம் என்பது எந்த ஊர் நியாயம்?

"அவமானத்துக்குப் பயம் இல்லாவிட்டால் யார் கட்டுவார்கள்?" என்பது கம்பெனிக்காரர்களின் கடைசி ஆயுதம். இதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை செய்தவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் தீவில் ஒரு பேங்கு பல குழுக்களில் கூட்டு ஜாமீனை எடுத்துவிட்டு, அவரவர் கடனுக்கு அவரவரே பொறுப்பு என்று மாற்றிப் பார்த்தது. பாக்கி அதிகமாகவில்லை. பயத்தால்தான் ஏழை கட்டுகிறாள் என்பது, கட்டுகிறவளைப் பற்றிய உண்மையல்ல, கொடுக்கிறவனுடைய எண்ணமேயாகும்.

கடன் கொடுத்துவிட்டால் வறுமை ஒழிந்துவிடும் என்ற பிரசாரத்தையும் பகுத்தறிவைக் கொண்டு பார்க்க வேண்டும். 2005-ல் ஆரம்பித்து ஐதராபாத் நகரத்தில் 104 குடியிருப்புகளை எடுத்து, பாதியில் சிறு கடன் கடை திறந்தும் பாதியில் திறவாமலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதைச் செய்தவர்களில் பானர்ஜி, டூப்லோ இருவரும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்கள். முன்னமே தொழில் வைத்திருந்த சிலருக்கு லாபம் கூடிற்று; வீட்டுக்கு நீடித்து உழைக்கும் சாமான்கள் சேர்ந்தன; வெற்றிலை, புகையிலை போன்ற செலவு குறைந்தது. ஏழை கடனை வாங்கி ஊதாரித்தனம் செய்கிறாள் என்பவர்கள் இதைப் படித்துப் பார்க்கட்டும். ஆனால் குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு முதலியவை உயரவில்லை; பெண்களின் அதிகாரமும் வளரவில்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்ஸிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய இடங்களில் நடந்த ஆராய்ச்சிகளும் 2015-ல் இதனுடன் சேர்ந்தே வெளிவந்தன. மொத்த முடிவு: சிறிது நன்மை உண்டு, பெரிய மாறுதல் இல்லை.

காரணம் தெரியாததல்ல. ஆடு வாங்கினால் குட்டி போட மாதங்கள் ஆகும். தவணையோ அடுத்த வாரமே வந்து நிற்கிறது. கல்கத்தாவில் சில பெண்களுக்கு முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் தொழிலில் அதிகப் பணம் போட்டார்கள்; பின்னால் லாபமும் அதிகம் கண்டார்கள். தவறிப்போனவர்களும் சற்று அதிகமானார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். துணிந்து தொழில் செய்தால் சிலது தோற்கும். அந்த நஷ்டத்தில் ஒரு பங்கைக் கூட ஏற்காதவன், "தொழில் வளர்க்கிறேன்" என்று விளம்பரம் போட்டுக்கொள்ள யோக்கியதை உள்ளவன்தானா?

அதற்காகக் கடனையே ஒழித்துவிடலாம் என்பதும் புத்திசாலித்தனமல்ல. 2010-க்குப் பிறகு வசூல் நின்று கம்பெனிகள் கை முடங்கியபோது, ஆந்திராவுக்கு வெளியிலும் கடன் வற்றிய ஜில்லாக்களில் கூலிக்காரர்களின் கூலி குறைந்ததாகப் பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே வேண்டியது கடனை ஒழிப்பதல்ல. கடனிலிருந்து அவமானத்தை ஒழிப்பதேயாகும்.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. ரிசர்வ் பேங்கு 2022-ல் வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது உண்மைதான். ஆனால் அதே உத்தரவில் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்றும், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொல்லை செய்யக்கூடாது என்றும், கடன் வாங்கினவருக்குப் புரியும் பாஷையில் கடன் அட்டை கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. 2025-ல் கர்நாடகத்திலும் நமது தமிழ்நாட்டிலும் பலாத்கார வசூலைத் தண்டிக்கச் சட்டங்கள் வந்தன. ஆனால் சட்டத்தைப் புஸ்தகத்தில் வைத்துவிட்டு நாம் திண்ணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தால், அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆகவே நமது கிராமத்துத் தோழர்களுக்கும் பெண்மக்களுக்கும் சில வார்த்தைகள்.

முதலாவது, கணக்குக் கேளுங்கள். 10,000 ரூபாய்க்கு "வட்டி 12 தான்" என்று சொல்லி, வாரம் 224 வீதம் 50 வாரம் வாங்கினால் அது 12 வட்டி அல்ல. அசல் வாராவாரம் குறைவதால், உங்களிடம் சராசரியாக நின்ற பணம் 5,100 தான். 1,200 ரூபாய் வட்டி அதற்குத்தான். நூற்றுக்கு 23-க்கும் மேலாகிறது! கடன் அட்டையைக் கேட்டு வாங்கி, வீட்டில் படிக்கும் பெண்ணிடமோ பையனிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒரு கடனைக் கட்ட மற்றொரு கடன் வாங்காதீர்கள். தொழிலில் வரும் பணத்துக்கும் தவணை நாளுக்கும் பொருத்தம் இல்லாத கடன் தொழில் கடன் அல்ல.

மூன்றாவது, உங்கள் சொந்தக் குழுவைப் பலப்படுத்துங்கள். 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தபோது முறை என்னவென்றால், முதலில் சேமிப்பு, பிறகு தங்களுக்குள் கடன், அதற்குப் பிறகு பேங்குக் கடன் என்பதாகும். 1992-ல் நபார்டு 500 குழுக்களைப் பேங்குகளோடு இணைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. அங்கே குழு தனக்குள் கொடுத்த கடனுக்கு வரும் வட்டி குழுவின் பெட்டிக்கே வருகிறது. கணக்குப் புஸ்தகமும் உங்கள் கையிலேயே இருக்கிறது.

நான்காவது, ஆண்களுக்கு. கடனைப் பெண்ணின் பெயரில் வாங்கச் சொல்லி, பணத்தைத் தான் எடுத்துக்கொண்டு, வசூல்காரர் வரும் நாளில் புழக்கடை வழியாகப் போய்விடுகிற ஆண்மை ஓர் ஆண்மையா?

கடைசியாக, அடுத்த வீட்டுக்காரி தவணை தவறினால் அவளை ஏசுகிற வேலையைக் கம்பெனிக்காக நீங்கள் சம்பளமில்லாமல் செய்யாதீர்கள். இன்று அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அடுத்த வாரம் நீங்கள் உட்கார நேரலாம். கூட்டம் சேர்ந்து ஒருத்தியை அவமானப்படுத்த முடியுமானால், அதே கூட்டம் சேர்ந்து, "அவளுக்கு அவகாசம் கொடு, வாசலுக்கு வராதே, கணக்கைக் காட்டு" என்று சொல்லவும் முடியும்.

கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது நாணயம். அதற்காகத் தலைகுனிவது நாணயமல்ல. பணத்தை ஈடு கேட்கட்டும், கணக்கை ஈடு கேட்கட்டும். மானத்தை ஈடு கேட்கிறவனுக்கு அது விற்பனைக்கில்லை என்று சொல்லும் துணிவு நமது பெண்மக்களுக்கு வரவேண்டுமென்பதே நமது ஆசை.