வீட்டுக்குள் கடலா? முதலில் நுரையை எடுங்கள்!

2019-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் சென்னைக் கடற்கரை வெள்ளை வெளேர் என்று மாறியது. பட்டினப்பாக்கத்திலும் மெரினாவிலும் கரை எல்லாம் நுரை! பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டியதுபோல் கிடந்தது. குழந்தைகள் அதை அள்ளி அள்ளி விளையாடினார்கள். பெரியவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

ஆனால், அது அழுக்கு. மழையில் அடையாறு பெருகியது. சாக்கடைத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் ஆற்றோடு போய்க் கடலில் கலந்தன. அலை அடித்தது. காற்றுக் குமிழ்கள் உண்டாயின. தண்ணீரில் இருந்த அழுக்கு, குமிழில் ஒட்டிக்கொண்டு கரைக்கு வந்தது. "நுரையைத் தொடாதீர்கள்" என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள்.

கடல் அலை செய்த இந்த வேலையைத்தான் ஒரு சிறிய குழாய் எந்திரம் கடல் மீன் தொட்டியில் செய்கிறது. அதன் பெயர் "புரோட்டீன் ஸ்கிம்மர்". கடைக்காரர்கள் சுருக்கமாக "ஸ்கிம்மர்" என்பார்கள்.

பருப்புச் சட்டியைப் பாருங்கள்

ஸ்கிம்மர் என்றதும் பயப்பட வேண்டாம். அதன் தத்துவம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. துவரம்பருப்பு வேகும்போது மேலே நுரை பொங்குகிறது அல்லவா? வீட்டுப் பெண்கள் அதைக் கரண்டியால் வழித்துக் கொட்டிவிடுவார்கள். ஸ்கிம்மரும் இதையேதான் இரவு பகலாகச் செய்கிறது.

மீன் சாப்பிடுகிறது. கழிவை விடுகிறது. மீந்துபோன தீனி அடியில் அழுகுகிறது. அழுகினால் "அம்மோனியா" என்ற விஷம் உண்டாகும். மீன் சாவதற்கு அதில் கொஞ்சம் போதும். சாதாரண வடிகட்டி, அழுக்கைப் பஞ்சில் பிடித்து வைக்கும். ஆனால், அது அங்கேயே அழுகும். ஸ்கிம்மர் அப்படி அல்ல. அழுகுவதற்கு முன்பே அழுக்கை நுரையாக்கி, மேலே உள்ள கிண்ணத்தில் தள்ளிவிடுகிறது. அதாவது, அழுக்கு தண்ணீரை விட்டே வெளியே போய்விடுகிறது!

தங்க மீன் தொட்டிக்கு இது உதவாது. நல்ல தண்ணீரில் குமிழ்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில்தான் குமிழ்கள் பொடிப்பொடியாக நிற்கும்.

தியாகராய நகரிலும், மயிலாப்பூரிலும், அடையாறிலும் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. நாய் வளர்க்க இடம் இல்லை. குழந்தை, "நீமோ மீன் வேண்டும்" என்று அடம் பிடிக்கிறது. 2003-ல் வந்த கார்ட்டூன் படத்தின் வேலை அது! அப்பா கடைக்குப் போகிறார். கண்ணாடித் தொட்டி, விளக்கு, மீன் எல்லாம் வாங்குகிறார். ஸ்கிம்மரின் விலையைக் கேட்டதும் தயங்குகிறார். "அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்கிறார் கடைக்காரர். வியாபாரம் கைநழுவிப் போகக்கூடாதே என்ற கவலை அவருக்கு!

இதுதான் தவறு என்பது என் கருத்து. தொட்டி, உப்பு, ஸ்கிம்மர் மூன்றும் முதலில் வரட்டும். மீன் கடைசியில் வரட்டும். தொட்டியை ஒரு மாதமாவது மீன் இல்லாமல் ஓட்ட வேண்டும். அதற்குள் அழுக்கைத் தின்னும் நல்ல கிருமிகள் தொட்டியில் வளர்ந்துவிடும். அந்த ஒரு மாதம் பொறுக்க முடியாதவருக்குக் கடல் மீனை விற்கவே கூடாது. பணம் போனால் சம்பாதிக்கலாம். செத்து மிதக்கும் மீனைக் காட்டிக் குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

ஸ்கிம்மர் இல்லாமலும் சிலர் வளர்க்கிறார்கள். அவர்கள் வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றுகிறார்கள். சென்னையில் அது எல்லோராலும் முடியுமா? நுரை வந்த அதே 2019-ல்தான், ஜூன் மாதம் ஏரிகள் வறண்டன. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். அப்படிப்பட்ட ஊரில், மீனுக்காகக் குடம் குடமாகக் கொட்டுவது நியாயம் ஆகாது. ஸ்கிம்மர் இருந்தாலும் தண்ணீர் மாற்றத்தான் வேண்டும். ஆனால், குறைவாக மாற்றினால் போதும்.

திருகாணியைத் திருப்பாதீர்கள்!

வாங்கியாகிவிட்டது. எப்படி வைப்பது?

பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சிறிய தொட்டி இருக்கும். மேல் தொட்டியில் வழியும் தண்ணீர் அதில் விழும். ஸ்கிம்மரை அங்கே நிறுத்த வேண்டும். ஏன் தெரியுமா? அழுக்கு அதிகமாக இருப்பது தண்ணீரின் மேல்மட்டத்தில். வழிந்து வருவதும் அந்தத் தண்ணீர்தான்!

ஸ்கிம்மர் எத்தனை அங்குலத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்பது அதன் பெட்டியில் எழுதியிருக்கும். பல ஸ்கிம்மர்களுக்கு 7 முதல் 9 அங்குலம். தண்ணீர் ஆழமாக இருந்தால், கீழே ஒரு மணை வைத்து உயர்த்துங்கள். முக்கியமானது ஒன்று: அந்த மட்டம் மாறக்கூடாது. சென்னை வெயிலில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

முதல் சில நாட்கள் ஸ்கிம்மர் முரண்டு பிடிக்கும். ஒன்று, நுரையே வராது. அல்லது தண்ணீராகப் பொங்கி வழியும். பலரும் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து, திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்புகிறார்கள். விட்டுவிடுங்கள்! புதுப் பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பசை இருக்கும். அது போக ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம்.

பிறகு திருகாணிக்கு வரலாம். தண்ணீர் வெளியேறும் வழியில் அது இருக்கும். மூடினால் உள்ளே தண்ணீர் ஏறும். திறந்தால் இறங்கும். குமிழும் தண்ணீரும் பிரியும் கோடு, ஸ்கிம்மரின் கழுத்து தொடங்கும் இடத்தில் நிற்கட்டும். சற்றே திருப்பிவிட்டு, ஒரு நாள் முழுதும் காத்திருங்கள். மறுநாள் கிண்ணத்தைப் பாருங்கள். வெளிறிய டீ போல் நிறைந்திருந்தால் தண்ணீர் அதிகம் வருகிறது, கொஞ்சம் திறங்கள். கருப்பட்டிக் காபி போல் இருந்தால் சரி. தார் போல் கெட்டியாகிக் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டால், கொஞ்சம் மூடுங்கள்.

நேற்று நுரைத்தது இன்று நுரைக்கவில்லையா? தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு யாராவது தொட்டியில் கை விட்டார்களா என்று விசாரியுங்கள்! எண்ணெய் பட்டால் நுரை அடங்கிவிடும். மீனுக்குத் தீனி போட்ட பிறகும் சிறிது நேரம் அடங்கும். அது தானாகச் சரியாகும். வாரத்தில் இரண்டு முறை கிண்ணத்தையும் கழுத்தையும் கழுவுங்கள். சோப்பு மட்டும் கூடவே கூடாது.

மின்சாரம் போனால் மேல் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கி மட்டம் உயரும். மறுபடி மின்சாரம் வந்ததும் ஸ்கிம்மர் பொங்கும். கிண்ணத்தில் இருந்த அழுக்கு எல்லாம் திரும்பத் தொட்டிக்குள் போய்விடும்! அதனால் ஸ்கிம்மரைச் சில நிமிடம் கழித்துப் போடுவது நல்லது. கீழ்த் தொட்டியில் காலி இடமும் விட்டு வையுங்கள். மே மாதத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. காற்றைக் கலந்துவிடும் ஸ்கிம்மரும் நின்றால் மீன் திணறும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பவளம் வேண்டாம்

"ஸ்கிம்மர் நன்றாக ஓடுகிறது. இனி உயிருள்ள பவளம் வைக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்த ஆசை! கூடாது. 2001-ல் பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே பட்டியலில் சேர்த்தார்கள். கடலில் இருந்து பெயர்த்துவந்து விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

இந்தச் சட்டம் கடுமையானதுதான். ஆனால், காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போயிற்று. இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன!

பவளம் இல்லாவிட்டால் என்ன? செயற்கைப் பாறையும் நீமோ மீனும் போதும். அந்த மீனைக் கடலில்தான் பிடிக்கவேண்டும் என்பதும் இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்த குஞ்சு, தொட்டியில் சுலபமாகப் பழகும். கடையில், "இது பண்ணையில் பிறந்ததா? கடலில் பிடித்ததா?" என்று கேட்டு வாங்குங்கள்.

தொட்டிக்காக மெரினாவில் தண்ணீர் பிடித்து வருவோரும் உண்டு. ஆற்று முகத்துக்குப் பக்கத்தில், அதுவும் மழைக் காலத்தில், அது ஆகாது. உப்பும் குறைந்திருக்கும், சாக்கடையும் கலந்திருக்கும். கடையில் விற்கும் கடல் உப்பைச் சுத்தமான தண்ணீரில் கரைப்பதே மேல். லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்க வேண்டும்.

கிண்ணத்தில் சேரும் கறுப்புத் தண்ணீரைக் கழிவறையில் கொட்டுங்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். "மீன் கழிவு நல்ல உரமாயிற்றே" என்று யாராவது அதைப் பால்கனித் துளசிச் செடியில் ஊற்றப்போனால் தடுத்துவிடுங்கள். அதில் உப்பு இருக்கிறது. செடி கருகிவிடும்.